மவுனா கேயா வேன் பயணம்: வானத்தைக் காட்டினார்கள், மலையைப் பற்றி வாய் திறக்கவில்லை

5-க்கு 3 கொடுக்கிறேன். வண்டி ஓட்டிக்கொண்டே வழிகாட்டியாகவும் வந்த இளைஞருக்கும், அன்று இரவு பார்த்த வானத்துக்கும் சேர்த்துத்தான் அந்த மூன்று.

ஹவாயின் பெரிய தீவில் ஹிலோ ஊரிலிருந்து, உச்சியில் பெரிய தொலைநோக்கிகள் நிற்கும் மவுனா கேயா மலைக்கு மதியம் இரண்டரைக்குக் கிளம்பி, இரவு பத்தரைக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். ஆளுக்கு 280 டாலர். தடிமனான கோட்டு, சூடான சூப், சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். 9,200 அடியில் இருக்கும் பார்வையாளர் மையத்தில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். அலுத்துக்கொள்ளாதீர்கள், உடம்பு உயரத்துக்குப் பழக அந்த நேரம் வேண்டும். உச்சி கிட்டத்தட்ட 13,800 அடி. கடல் மட்டத்தை ஒப்பிட்டால் பிராணவாயு நாற்பது சதவீதம் குறைவு. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் மையத்தோடு நின்றுவிடுவது நல்லது. முந்தின நாள் ஸ்கூபா டைவிங் செய்தவர்களும் மேலே போகக் கூடாது. மையத்துக்கு மேல் செங்குத்தான மண் சாலை. கடைசிப் பகுதிக்கு மட்டும் தார் போட்டிருக்கிறார்கள், கிளம்பும் புழுதி தொலைநோக்கிக் கண்ணாடிகளில் படியக் கூடாது என்று.

பன்னிரண்டு வருடமாக மொட்டைமாடியில் 8 அங்குலத் தொலைநோக்கி வைத்துக்கொண்டு வானம் பார்ப்பவள் நான். உச்சியில் இருக்கும் கெக் என்ற ஜோடித் தொலைநோக்கிகளின் இரட்டை வெள்ளைக் கூண்டுகளை நேரில் பார்த்ததும் பேச்சே வரவில்லை. 36 அறுகோணத் துண்டுகளைச் சேர்த்த 10 மீட்டர் கண்ணாடி ஒவ்வொன்றிலும் இருக்கிறது. எதிரே மேற்கில் சூரியன் மேகத்துக்குள் இறங்க, கிழக்கில் மலையின் நிழல் முக்கோணமாக மேகத்தின் மேல் நீண்டுகொண்டே போனது. இதற்காகவே ஒருமுறை போகலாம்.

அம்மா சாலையோரம் கால் வைக்கப் போனபோது வழிகாட்டி கையை நீட்டித் தடுத்தார். "அங்கே மிதிக்காதீர்கள் ஆன்ட்டி, வேகியு இருக்கும்." அரிசி மணி அளவுப் பூச்சி. இந்த உச்சியைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. கருஞ்சிவப்பு எரிமலைச் சரளையின் இடுக்குகளில் வாழ்கிறது. காற்று கீழேயிருந்து அடித்துக்கொண்டு வந்து போடும் பூச்சிகள், குளிரில் விறைத்துச் செத்தபின் அதற்குச் சாப்பாடு. அம்மா காலை இழுத்துக்கொண்டு, அந்தச் சரளையையே ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாள்.

முப்பது மீட்டர் அகலக் கண்ணாடியோடு இந்த மலையில் கட்டத் திட்டமிட்டு, எதிர்ப்பால் கட்டாமல் நிற்கும் 'முப்பது மீட்டர் தொலைநோக்கி' எங்கே வரவேண்டியது என்று அவரிடம் கேட்டேன். மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வடக்கே உச்சிக்குக் கீழே தெரிந்த மேட்டுச் சமவெளியைக் காட்டினார். அதோடு சரி. கீழே இறங்கியபின் தனியாக வந்து, "வண்டியில் அதைப் பேச வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள்" என்றார். என் குறை அவர் மேல் இல்லை, அப்படிச் சொல்லி அனுப்பியவர்கள் மேல்.

பேசாமல் விட்டது சின்ன விஷயமா? ஹவாய் மக்களுக்கு இந்த மலை வானத் தந்தை வாகேயாவின் பிள்ளை. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை வையாவு ஏரிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் குடும்பங்கள் உண்டு. 1968-இல் உச்சி நிலம் 65 வருடக் குத்தகைக்கு ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அதன் மேல் 13 தொலைநோக்கிகள் வந்தன, பலவற்றுக்கு வாடகை வருடம் ஒரு டாலர். இயற்கைப் பாதுகாப்பு மண்டலம் என்பதால் கட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும். எதிர்ப்பவர்கள் தரப்பைக் கேட்டு முடிக்கும் முன்பே முப்பது மீட்டர் தொலைநோக்கிக்கு அனுமதி கொடுத்தது செல்லாது என்று 2015-இல் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2018-இல் புது அனுமதியை அதே நீதிமன்றம் ஏற்றது. 2019 ஜூலையில், கட்டுமானத்தைத் தடுக்க மலைச் சாலை தொடங்கும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதியவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கைது செய்தார்கள். தங்களைப் போராட்டக்காரர்கள் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதில்லை. கியாஇ, காவல் நிற்பவர்கள். 2022-இல் வந்த சட்டத்தில்தான் மலையை நிர்வகிக்கும் புது அமைப்பில் பூர்வகுடிகளுக்கும் இடம் கிடைத்தது. 2024-இல் இரண்டு தொலைநோக்கிகளைப் பிரித்து இறக்கிவிட்டார்கள். அந்த வெற்று இடத்தையாவது ஜன்னல் வழியாகக் காட்டியிருக்கலாம்.

இந்தியாவும் முப்பது மீட்டர் தொலைநோக்கித் திட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கூட்டாளி என்பதால் நமக்கும் இதில் பொறுப்பு உண்டு. அந்தக் கண்ணாடி எதைக் காட்டும் என்று எனக்குத் தெரியும், மனசார ஆசையும் இருக்கிறது. ஆனாலும் பாட்டிமார்களைத் தூக்கிக்கொண்டு போய் வேனில் ஏற்றித்தான் அங்கே கட்ட வேண்டும் என்றால் கட்டவே வேண்டாம். "மலையே அவங்களுக்குச் சாமின்னா, முதல்ல அவங்களைக் கேட்டிருக்கணும்ல?" என்றாள் அம்மா. திருவண்ணாமலையைச் சுற்றி நடந்த கால் அவளுடையது.

அந்த முதியவர்கள் உட்கார்ந்த இடம் வேன் போகும் வழியிலேயே இருக்கிறது. பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கேட்டேன், அட்டவணையில் இல்லை என்றார்கள். மறுநாள் வாடகைக் காரில் நாங்களே போனோம். சாலைக்கு எதிரே பூவு ஹுலுஹுலு என்ற சின்னக் குன்று. சுற்றிலும் கரிய எரிமலைப் பாறை, நடுவில் கோவா மரங்கள். ஒற்றையடிப் பாதையில் கொஞ்சம் ஏறினால் மவுனா கேயா முழுசாக எதிரே நிற்கும். கார் நிறுத்த இடம் உண்டு, கட்டணம் இல்லை. மதியத்துக்கு மேல் மேகம் மூடிவிடும், காலையிலேயே போய்விடுங்கள்.