சளிக்கு வைட்டமின் சி மாத்திரையா, துத்தநாக மாத்திரையா?

கொரோனா காலத்து மருந்துச் சீட்டுகளில் இணைபிரியாமல் இடம்பெற்ற இவ்விரு மாத்திரைகளும் உடலில் செய்யும் வேலை ஒன்றல்ல.

வைட்டமின் சியை நாள்தோறும் உட்கொள்வோருக்கும் சளி பிடிக்கவே செய்கிறது. பெரியவர்களுக்கு அதன் காலம் ஏறத்தாழ 8 சதவீதம் குறைகிறது என்றும், மூக்கொழுகத் தொடங்கிய பிறகு மாத்திரையைத் தேடுவதால் உறுதியான பயன் இல்லை என்றும் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு தெரிவிக்கிறது. மாரத்தான் ஓட்டக்காரர்களைப் போலக் கடுமையாக உடலை வருத்துவோருக்கு மட்டும் சளி பிடிக்கும் வாய்ப்பே பாதியானது. மற்றவர்களுக்கு ஒரு கொய்யாப்பழமே போதும் என்பது என் கருத்து. அன்றைய தேவை அதிலேயே நிறைவேறிவிடும்.

துத்தநாகமோ சளி தொடங்கிய பின் கைகொடுக்கக்கூடும். நோய்க்காலம் இரண்டு நாள் அளவுக்குக் குறையலாம் என்றாலும் அதற்கான சான்று வலுவானதன்று. குமட்டலும் வாயில் உலோகச் சுவையும் உண்டாகும். நாளுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் நெடுநாள் உட்கொண்டால் உடலில் செம்புச் சத்து குறையக்கூடும்.

ஆனால் குழந்தைகளின் வயிற்றுப்போக்கில், அது ரோட்டா வைரஸால் வந்ததாயினும், துத்தநாகத்தின் இடத்தை வைட்டமின் சி நிரப்பாது. குழந்தைக்கு ஓஆர்எஸ் கரைசலுடன் துத்தநாகத்தையும் 10 முதல் 14 நாள் கொடுக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துள்ளது. வயிற்றுப்போக்கு நின்றுவிட்டதே என்று பெற்றோர் இடையில் நிறுத்திவிடக் கூடாது.