பட்டர்கிரீம் படமா, சாக்லேட் படமா? டர்பன் வெயிலுக்கு எது தோது

பிள்ளையின் பிறந்தநாள் கேக்கில் கார்ட்டூன் முகம் வேண்டும் என்றால் வீட்டில் கேக் செய்கிறவர்களுக்கு நாலைந்து வழி உண்டு. வெண்ணெயும் சர்க்கரையும் அடித்த பட்டர்கிரீமில் படம் போட்டு, ஃப்ரீசரில் உறைய வைத்து, கேக் மேல் கவிழ்க்கலாம். அதையே சாக்லேட்டில் செய்யலாம். மாவு போலத் தேய்க்கும் சர்க்கரைப் பிசைவான ஃபாண்டன்டில் வெட்டி ஒட்டலாம். ஐசிங் ஷீட் என்னும் சர்க்கரைத் தாளில் அச்சடித்தும் ஒட்டலாம். ஆனால் டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஜனவரி, பிப்ரவரியில் செய்யும்போது கடல் காற்றின் ஈரத்தைக் கணக்கில் எடுக்காமல் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் வைத்து வெட்டும் கேக்குக்கு பட்டர்கிரீம் படம். மதியம் மண்டபத்தில் மணிக்கணக்கில் நிற்கும் கேக்குக்கு சாக்லேட் படம்.

பட்டர்கிரீமை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் ருசி. கேக்கோடு கேக்காகக் கத்தி இறங்கும், தட்டில் எதுவும் மிஞ்சாது. செய்முறைக்குத்தான் பொறுமை வேண்டும். படத்தை இடவலம் மாற்றி அச்சடிக்க வேண்டும். பெயர் எழுதுவதாக இருந்தால் இதை மறக்கவே கூடாது. தட்டையான ட்ரேயின் பின்பக்கத்தில் படத்தை ஒட்டி, அதன் மேல் பட்டர் பேப்பரை இழுத்து ஒட்டுங்கள். பேப்பரில் சுருக்கம் விழுந்தால் அது அப்படியே முகத்தில் பதியும். நம்பர் 2 நாஸிலில் (மெல்லிய துளையுள்ள கிரீம் முனை) கறுப்புக் கோட்டை முதலில் போட்டு, பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து இறுகிய பிறகுதான் மற்ற நிறங்கள். கவிழ்க்கும்போது முதலில் போட்டதுதான் முன்னால் வரும் என்பதால் கண்மணி, பல், மூக்கின் பளபளப்பு எல்லாம் முதலில். கன்னமும் நெற்றியும் பிறகு. கோட்டின் ஓரத்தில் கிரீமை நன்றாக அழுத்திவிடுங்கள், இல்லையென்றால் அங்கே காற்றுக்குழி விழும். கடைசியாக கேக்கின் நிறத்திலேயே முழுவதும் ஒரு பூச்சு. மொத்தத் தடிமன் அரை சென்டிமீட்டர் இருந்தால் போதும். ஒரு ராத்திரி ஃப்ரீசரில் இருக்கட்டும்.

கறுப்புக்கு ஒரு வழி இருக்கிறது. வெள்ளை கிரீமில் கறுப்பு ஜெல் கலரைக் கொட்டிக்கொண்டே போனால் சாம்பல் நிறமும் கசப்பும்தான் மிஞ்சும். கோகோ பவுடர் சேர்த்து நல்ல பழுப்பாக்கிவிட்டு, அப்புறம் கறுப்பைக் கொஞ்சமாகச் சேருங்கள். மறுநாள் காலையில் தானாகவே கறுத்திருக்கும்.

சரி, ஈரத்துக்கு வருவோம். உறைந்த படத்தை வெளியே எடுத்ததும் அதன் மேல் பொடிப்பொடியாக நீர்த்துளி பூக்கும். கறுப்பும் சிவப்பும் வெள்ளைக்குள் ஒழுகுவது அப்போதுதான். துடைக்கவே கூடாது. கேக்கை முன்பே குளிர வைத்து, படத்தைக் கவிழ்த்து, பேப்பரை உரித்த கையோடு மூடிய பெட்டியில் போட்டு ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். படம் அங்கேயே மெதுவாக இளகட்டும். விருந்துக்கு எடுத்துப்போகும்போதும் கேக்கின் குளிர் தணியும்வரை பெட்டியைத் திறக்காதீர்கள்; ஈரமெல்லாம் பெட்டியின் வெளிப்புறத்தில் படிந்துவிடும். ஜோஹன்னஸ்பர்க் பக்கம், லெனேசியாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. மேட்டுநிலம், காற்றும் காய்ந்தது. கிரீமிலும் ஒரு மாற்றம் வேண்டும். முழு வெண்ணெய்தான் ருசி, ஆனால் டர்பன் கோடையில் பாதி வெண்ணெய், பாதி ஹோல்சம் மாதிரி வெள்ளைத் தாவரக் கொழுப்பு என்று போட்டால்தான் நிற்கும். 2023-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது பலர் ஃப்ரீசரை நம்பவே பயந்தார்கள். கதவைத் திறக்காமல் விட்டால் இரண்டு மணி நேர வெட்டில் படத்துக்கு எதுவும் ஆகாது.

சாக்லேட் படத்துக்கும் இதே வரிசைதான், ஃப்ரீசர் மட்டும் தேவையில்லை. இங்கே கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் சாக்லேட் போதும், வெயிலில் அசல் சாக்லேட்டைவிட நன்றாகத் தாங்கும். எண்ணெயில் கரையும் கலர்தான் போட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சாக்லேட் திரண்டு கெட்டியாகிவிடும். ஒரு வாரம் முன்பே செய்து வைக்கலாம், கேக் மேல் நிமிர்த்தியும் நிறுத்தலாம். நிமிர்த்தி நிறுத்துவது பட்டர்கிரீமால் முடியாது. ஆனால் கத்தி வைத்தால் முகம் நடுவில் வெடிக்கும். வெட்டுவதற்கு முன் படத்தைத் தனியாக எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவதே நல்லது. ருசியிலும் பட்டர்கிரீமுக்குக் கிட்டே வராது.

ஃபாண்டன்டை நான் அவ்வளவாகப் பரிந்துரைக்க மாட்டேன். பிள்ளைகள் உரித்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள். பலவற்றில் ஜெலட்டின் இருக்கும். புரட்டாசியில் “ஆன்ட்டி, இதில் ஜெலட்டின் இல்லையே?” என்று கேட்காத வீடு இங்கே குறைவு, கேட்பதும் நியாயம்தான். வாங்கும்போதே லேபிளைப் பாருங்கள். கெட்டியாகக் காயும் சர்க்கரைப் பூச்சான ராயல் ஐசிங்கில் முட்டை வெள்ளைக்கரு சேரும், கடலோர ஈரத்தில் காயவும் நேரமாகும்.

அச்சடித்த ஐசிங் ஷீட் அவசரத்துக்குக் கைகொடுக்கும். பிள்ளையின் சொந்த ஃபோட்டோவே வேண்டுமென்றால் இதை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. மேற்பரப்பு காய்வதற்குள் ஒட்டினால் கிரீமோடு சேர்ந்துகொள்ளும். அரிசித்தாள் போன்ற மெல்லிய தாள் வேண்டாம், ஈரத்தில் சுருங்கும். எந்தத் தாளாக இருந்தாலும் ஒரு நீர்த்துளி விழுந்தால் அந்த இடத்தில் நிறம் கரைந்துவிடும்.

பட்டர்கிரீமையும் சாக்லேட்டையும் கலப்பதும் உண்டு, காதும் கிரீடமும் நீட்டிக்கொண்டிருக்கும் முகத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். நீளமான, மெல்லிய பாகங்களை பட்டர்கிரீமில் செய்தால் பேப்பரை உரிக்கும்போது முதலில் உடைவது அவைதான். முகத்தை மட்டும் பட்டர்கிரீமில் உறைய வைத்துக் கவிழ்த்துவிடுங்கள். காதையும் கிரீடத்தையும் சாக்லேட்டில் தனியாகச் செய்து வைத்திருந்து, முகம் இளகிய பிறகு கிரீமுக்குள் ஒரு சென்டிமீட்டர் ஆழம் செருகினால் போதும்.