பண்ணையிலேயே தங்கிப் பழகுவதா, வகுப்புக்குப் போவதா, சம்பளத்துக்குச் சேர்வதா?

ரசாயனம் இல்லாமல், சிறிய அளவில் விவசாயம் செய்ய உங்களுக்கு ஆசை. குடும்பத்தில் யாரும் விவசாயி இல்லை. எங்கே போய்க் கற்றுக்கொள்வது? பொதுவாக நான்கு வழிகள் உண்டு: குறுகிய காலப் பயிற்சி வகுப்பு, சில வாரத் தன்னார்வ வேலை, ஒரு முழுப் பருவம் பண்ணையிலேயே தங்கிப் பழகுவது, சம்பளத்துக்குப் பண்ணை வேலை. எத்தனை பாடம், எத்தனை நாள் என்று ஒப்பிடுவதால் பெரிய பயன் இல்லை. நான் பார்ப்பது இரண்டே விஷயம். பண்ணையில் ஒரு முடிவு எடுக்கும்போது நீங்கள் கூட இருக்கிறீர்களா? அந்த முடிவு என்ன ஆனது என்று தெரியும்வரை அங்கே இருக்கிறீர்களா?

வகுப்புகளில் பரவலாகத் தெரிந்தது பெர்மாகல்ச்சர், அதாவது இயற்கையின் போக்கை ஒட்டி நிலத்தையும் பண்ணையையும் திட்டமிடும் முறை, அதன் வடிவமைப்புச் சான்றிதழ். 1970களில் ஆஸ்திரேலியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் உருவாக்கிய சிந்தனையிலிருந்து வந்தது. மொத்தம் 72 மணி நேரம். நிலத்தின் சரிவைக் கவனிப்பது, மழைநீரை எங்கே தேக்குவது, அடிக்கடி கைவைக்க வேண்டியதை வீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் வைப்பது என்பதெல்லாம் தெளிவாகப் புரியும். ஏற்கெனவே நிலம் இருப்பவருக்கு நல்ல தொடக்கம். ஆனால் அங்கே நீங்கள் போடுவது வரைபடம். அது தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று பார்க்கும் முன்பே வகுப்பு முடிந்துவிடும்.

தன்னார்வத்துக்கு வூஃப் அமைப்பு. 1971-ல் இங்கிலாந்தில் சூ கோப்பர்ட் என்ற பெண், நகரத்துக்காரர்களை வார இறுதியில் இயற்கைப் பண்ணைக்கு அழைத்துப்போகலாமே என்று தொடங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. அரை நாள் வேலை செய்தால் சாப்பாடும் படுக்கையும், பணம் கைமாறாது. இதன் பெரிய பலன், விவசாயம் நமக்கு ஒத்துவராது என்பது சீக்கிரமே தெரிந்துவிடுவது! கிண்டலாகச் சொல்லவில்லை, ஒரு வருடத்தை வீணாக்காமல் காப்பாற்றும் விஷயம் அது. மற்றபடி, இரண்டு வாரத்தில் கிளம்பிவிடுகிறவரிடம் எந்தப் பண்ணைக்காரரும் நாற்றங்காலை ஒப்படைக்க மாட்டார். கிடைப்பது களையெடுப்பும், மண்ணை வைக்கோல், சருகால் மூடும் மூடாக்குப் போடுவதும்தான்.

இனி, தங்கிப் பழகுவது. கேரட் விதை முளைக்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். அதற்குள் களை முந்திக்கொள்ளும். அதனால் பாத்தியைத் தயார் செய்து, தண்ணீர் விட்டு, களையை முதலில் முளைக்கவைத்து, மேலாகச் சுரண்டிவிட்டு அப்புறம்தான் விதைப்பார்கள். வகுப்பில் இதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் பருவம் தள்ளிப்போகிறது, களை முளைக்கக் காத்திருப்பதா, இன்றே விதைத்துவிடுவதா என்று பண்ணைக்காரர் யோசிக்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். இன்றே விதைத்துவிட்டால், ஒரு மாதம் கழித்து அதே பாத்தியில் மண்டியிட்டுக் களை பிடுங்கப் போவதும் நீங்கள்தான். அந்தப் பாடம் மறக்காது. கம்போஸ்ட் என்ற மட்கு உரமும் அப்படியே. குவியலின் நடுவே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு சில நாள் நின்றால்தான் களை விதைகள் பெரும்பாலும் சாகும் என்று யாரும் சொல்லித்தரலாம். சூடு ஏறாத குவியலுக்கு ஈரம் போதவில்லையா, பச்சைத் தழை போதவில்லையா என்று கை வைத்துப் பார்த்துச் சொல்ல, பல குவியல்களைப் புரட்டியிருக்க வேண்டும்.

இந்த முறைக்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் 1967-ல் ஆலன் சாட்விக் என்ற ஆங்கிலேயத் தோட்டக்கலைஞர் தொடங்கிய மாணவர் தோட்டம், பிறகு பயிலுநர்கள் பண்ணையிலேயே கூடாரத்தில் தங்கிக் கற்கும் ஆறு மாதப் பயிற்சியாக வளர்ந்தது. ஜப்பானில் 1973-ல் தொடங்கிய ஆசிய கிராமப்புற நிறுவனத்தில் பல நாட்டுக் கிராமப்புறச் சமூகப் பணியாளர்கள் ஒன்பது மாதம் சேர்ந்து உழைத்து, விளைவித்ததைச் சேர்ந்தே சாப்பிடுகிறார்கள்.

குறையும் இருக்கிறது. ஒரே பண்ணை, ஒரே ஆள், ஒரே பழக்கம். ஒரே பாத்தியில் பயிரை மாற்றி மாற்றிப் போடும் பயிர் சுழற்சி ஒரு சுற்று வர மூன்று நான்கு வருடம் ஆகும். ஒரு பருவத்தில் அதைப் பார்க்கவே முடியாது. பண்ணைக்காரரின் பழைய குறிப்பேடுகளை வாங்கிப் படிப்பது ஒன்றுதான் வழி. அமெரிக்காவின் ஹட்சன் பள்ளத்தாக்குப் பக்கம் 1994-ல் சில பண்ணைகள் சேர்ந்து கிராஃப்ட் என்ற ஏற்பாட்டைத் தொடங்கின. ஒவ்வொரு பண்ணையின் பயிலுநர்களும் மற்ற பண்ணைகளுக்கு முறைவைத்துப் போய்ப் பார்ப்பார்கள். அப்படி ஏற்பாடு இல்லாத இடத்தில், மாதம் ஒருநாள் வேறு பண்ணைக்குப் போக அனுமதி உண்டா என்று சேரும் முன்பே கேட்டுவிடலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல், வேலை கொடுப்பவரும் வீடு கொடுப்பவரும் ஒருவராகவே இருப்பது. சண்டை வந்தால் அன்று ராத்திரி படுக்க இடம் போய்விடும். அந்தப் பயத்திலேயே பலர் பன்னிரண்டு மணி நேர வேலையைக் கேள்வி கேட்காமல் செய்கிறார்கள். லாபத்துக்கு நடக்கும் பண்ணையில் இப்படிப் பழகுகிறவரைச் சட்டப்படி தொழிலாளியாகவே கருதும் நாடுகளும் உண்டு. பயிற்சி என்ற பெயர் வைத்ததால் கூலியும் விபத்துக் காப்பீடும் வேண்டாம் என்று ஆகிவிடாது. வேலை நேரம், விடுமுறை, பூட்டக்கூடிய தனி அறை, காயம்பட்டால் செலவு யாருடையது, இடையில் விலகினால் எத்தனை நாள் தங்கலாம் என்பதை எழுதி வாங்குங்கள். எழுதித்தரத் தயங்குகிற இடம் எவ்வளவு பசுமையாக இருந்தாலும் எனக்குச் சம்மதம் இல்லை.

இன்னொரு கேள்வியும் கேட்பேன்: வரவு செலவுக் கணக்கைக் காட்டுவீர்களா? எந்தப் பயிர் பண்ணையைத் தாங்குகிறது, எது ஆசைக்காக வளர்கிறது என்று தெரியாமல் ஒரு பருவத்தை முடித்தவர், நல்ல தோட்டக்காரர் ஆகலாம். பண்ணை நடத்துவது வேறு.

சம்பள வேலையைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அறுவடை, கட்டுக் கட்டுதல், நடவு எல்லாவற்றிலும் வேகம் அங்கேதான் வருகிறது. சிறிய பண்ணைக்கு அந்த வேகம்தான் லாபம். முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் உங்களைச் சேர்க்க மாட்டார்கள்.

சரி, யாருக்கு எது? இதுவரை மண்ணையே தொடாதவர் முதலில் இரண்டு மூன்று பண்ணைகளில் தன்னார்வமாகச் சில வாரம் இருந்துவிட்டு, அவற்றில் பிடித்த ஒன்றில் முழுப் பருவம் தங்கலாம். அந்தப் பண்ணையின் மண்ணும் மழையும் விற்பனை முறையும் நீங்கள் பின்னால் செய்யப்போவதற்கு ஒத்திருந்தால் நல்லது. கையில் காசு இல்லாதவர் சம்பள வேலையில் தொடங்குவதில் தவறே இல்லை.

குடும்பம், கடன், வேலை என்று நகர முடியாதவருக்குத் தங்கிப் பழகுவது சாத்தியமே இல்லை. அவருக்கு நான் சொல்வது, பக்கத்தில் உள்ள பண்ணை ஒன்றுக்கு வாரம் இரண்டு நாள், விதைப்பு தொடங்கி கடைசி அறுவடை வரை. தொலைதூரத்தில் ஒரே மாதம் தங்கிவிட்டு வருவதைவிட இதுவே மேல். வாரத்தின் அந்த இரண்டு நாளில் ஒன்று அறுவடை நாளாக இருக்கட்டும். மற்றது, அடுத்த வாரம் எதை விதைப்பது என்று பண்ணைக்காரர் உட்கார்ந்து திட்டம் போடும் நாளாக இருக்கட்டும்.