நான்கு ஐப்பசிகளைத் தாங்கிய ஆல்பம்: ஹீட் எம்பாசிங் பயன்பாட்டு அனுபவம்

பாட்டி வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்த கறுப்பு வெள்ளைப் படங்களையும், 1992 மகாமகத்தின்போது கும்பகோணத்தில் எடுத்த வண்ணப் படங்களையும் சேர்த்து, நான்கு ஆண்டுகளாகக் குடும்ப ஸ்க்ராப்புக் ஒன்றை உருவாக்கி வருகிறேன். அதன் தலைப்புகளுக்கும் ஓரச் சித்திரங்களுக்கும் ஹீட் எம்பாசிங் முறையைக் கையாண்டேன். மெதுவாக உலரும் மையைத் தொட்டு ஸ்டாம்பைப் பதித்து, ஈரம் காயுமுன் அதன்மேல் பிசின் வகைத் தூளைத் தூவி, ஒட்டாததைத் தட்டிவிட்டு, ஹீட் கன் என்னும் வெப்பக்காற்றுக் கருவியின் சூட்டில் உருக்கினால் எழுத்து புடைத்து நிற்கும். கல்யாணப் பத்திரிகையில் விரலுக்குத் தட்டுப்படும் எழுத்துகள் பலவும் இதே தத்துவத்தில் அச்சாகுபவைதாம்.

செயல்முறைக் காணொளிகளில் எளிதாகத் தோன்றும் இவ்வேலை, காவிரிப் படுகையின் ஐப்பசி, கார்த்திகை மாத ஈரக்காற்றில் அவ்வளவு எளிதாக இல்லை. ஈரத்தை உறிஞ்சிய அட்டையில் மை படாத இடத்திலும் தூள் ஒட்டிக்கொண்டு, உருக்கியபின் எழுத்தைச் சுற்றிலும் பொன்னிறப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. இப்போது ஸ்டாம்ப் பதிக்குமுன் அட்டையைச் சில நொடிகள் சூடுகாட்டி, ஆறவிட்டு, தூள் ஒட்டாமல் தடுக்கும் பொடிப்பையால் ஒற்றிவிடுகிறேன். புள்ளிகள் பெருமளவு குறைந்துவிட்டன. மழைக்காலத்தில் படங்களை வகைபிரிப்பது, குறிப்பெழுதுவது போன்ற வேலைகளை வைத்துக்கொண்டு, எம்பாசிங்கைத் தை பிறந்தபின் தொடங்குவதே உத்தமம். ஆனால் சித்திரைக்குள் முடித்துவிட வேண்டும். தூள் பறக்காமலிருக்க மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும் என்பதால், கத்திரி வெயிலில் ஹீட் கன்னோடு அமர்வது தவம்தான்.

ஹேர் டிரையரால் இவ்வேலை நடக்காது. அதன் காற்று வேகம் மிகுதி, சூடு குறைவு. தூள் உருகுமுன் பறந்துவிடும். ஹீட் கன்னிலும் அளவு தப்பக் கூடாது. சூடு குறைந்தால் எழுத்து மணல்மணலாக நிற்கும். மிகுந்தால் உருகிய பிசின் அட்டைக்குள் இறங்கி, எண்ணெய்க் கறை போல மங்கும்.

ஒட்டிய படத்தின் அருகில் ஒருபோதும் சூடுகாட்டாதீர்கள். பழைய படங்களின் மேற்பூச்சு ஜெலட்டின் ஆகையால், அது சூட்டில் சுருண்டுவிடும். முதலாண்டில் ஒரு படத்தை இப்படி வளைத்துவிட்டேன். அது நகல் என்பதால் தப்பித்தேன். அன்றிலிருந்து அலங்காரத்தைத் தனி அட்டையில் முடித்து, முழுதும் ஆறியபின் பக்கத்தில் ஒட்டுகிறேன்.

எதிர்பாராத சேதம், பக்கங்களைச் செருகி வைக்கும் பிளாஸ்டிக் உறையால் வந்தது. முதலில் வாங்கிய பிவிசி உறைகள் ஒரு கோடை முழுவதும் மாடி அறைப் பீரோவில் அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்தை உருவியபோது பொன் எழுத்துகள் சில உறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. பாலிப்ரொப்பிலீன் உறைக்கு மாறி, ஆல்பத்தைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்தபின் இரண்டு கோடைகள் சேதமின்றிக் கழிந்தன. எம்பாசிங்கும் அமிலமற்ற அட்டையில்தான். அட்டை பழுத்தால் மேலிருக்கும் வேலைப்பாட்டுக்குப் பொருளில்லை.

உறவினர்கள் பொன் எழுத்தைப் பார்த்ததும் தஞ்சாவூர் ஓவியத்தை நினைக்கிறார்கள். அங்கே சுண்ணப்பொடியும் பசையும் கலந்து மேடெழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டுகிறார்கள். இங்கே இருப்பது பிசினும் மினுக்குத் துகளும் மட்டுமே. அளவு மீறினால் படத்தை விட்டுக் கண் சட்டத்துக்குப் போய்விடுகிறது. எனவே பக்கத்துக்கு ஒரு பொன் வேலைப்பாடு போதும் என்பது என் கருத்து.

எனக்கு நிறைவளித்தது நிறமற்ற தூள்தான். படத்தின் பின்புறம் பாட்டி பென்சிலால் எழுதியிருந்த ஊர்ப்பெயரை அதே கையெழுத்தில் ரப்பர் ஸ்டாம்ப் கடையில் செய்துவாங்கி, பழுப்பு நிற மையில் பதித்து, நிறமற்ற தூளை உருக்கினேன். சாதாரணத் தூளில் மெல்லிய சுழிகள் அடைபட்டுப் போனதால், மிக நுண்ணிய தூள் வாங்கி மறுமுறை பதித்தபோது, அவர் சற்றே சாய்த்து எழுதும் ‘ற’ அப்படியே எழும்பி வந்தது.