ஃபிளேம் ஏஏஎஸ்: எல்லாம் தெரிகிறது, ஈயத்தைத் தவிர

சாம்பிளைத் துளிகளாகத் தெளிக்கும் நெபுலைசரை மாற்றி எங்கள் ஏஏஎஸ் மறுபடி ஓடத் தொடங்கிய வாரத்தில், கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் நண்பர் கேட்டார்: "பழைய ஃபிளேம் ஏஏஎஸ் ஒன்று விலைக்கு வருகிறது, எடுக்கலாமா? எங்களிடம் வரப்போவது பெரும்பாலும் குடிநீர்தான்." ஏஏஎஸ் என்றால் அணு உறிஞ்சல் நிறமாலைமானி: சாம்பிளைத் தீச்சுடரில் தெளித்து, ஓர் உலோகம் தனக்கே உரிய அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து அதன் அளவைச் சொல்லும் கருவி. சேலத்துத் தண்ணீரையும் கழிவுநீரையும் பல வருடங்களாக இதில்தான் பார்க்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செம்புக்கும் துத்தநாகத்துக்கும் இந்த விலையில் இதைவிட நம்பகமான கருவி கிடையாது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் இலைத்துருவுக்குப் போர்டோ கலவை அடிப்பார்கள். மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் சேர்ந்தது. அந்த மண்ணை நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்துக் கரைத்து, செம்புக்கு உரிய 324.7 நானோமீட்டரில் பார்த்தால், எத்தனை முறை உறிஞ்சவிட்டாலும் அளவு அசையாது. செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறைகளின் கழுவுநீரில் இருக்கும் வெள்ளியும் அப்படித்தான். சாம்பிளுக்குச் சில நொடி போதும். கரண்ட் போய் வந்தாலும் ஒளி தரும் லேம்பைச் சூடேற்றி, அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசலை மறுபடி ஓட்டினால் வேலை தொடரும்.

ஈயம் என்று வந்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலை. ஃபிளேமில் ஈயம் கண்ணுக்குப் படத் தொடங்குவதே ஏறக்குறைய அந்த அளவில்தான். நம்பி எழுதக்கூடிய எண் வேண்டுமென்றால் அதைப்போல மூன்று நான்கு மடங்காவது இருக்க வேண்டும். அதாவது வரம்பைவிட இரண்டு மடங்கு ஈயம் இருக்கிற போர்வெல் தண்ணீருக்கும் இந்தக் கருவி "பிடிஎல்" என்று சொல்லிவிடலாம். கண்டறியும் அளவுக்குக் கீழே என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆனால் ரிப்போர்ட்டை வாங்குகிறவர் "ஈயமே இல்லையாம்" என்று நிம்மதியாகப் போய், அதே தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கிறார். இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

சுண்டவைத்துப் பார்க்கலாமே என்பார்கள். அமிலம் சேர்த்து அரை லிட்டரை 25 மில்லியாக வற்றவைத்தால் ஈயம் இருபது மடங்கு செறிவாகும், சரி. நம் ஊர்த் தண்ணீரில் கடினத்தன்மை அதிகம். அந்த உப்பும் இருபது மடங்காகி பர்னர் வாயை அடைக்கிறது. திருமணிமுத்தாற்றுப் பக்கத்துச் சாயக் கழிவுநீர் என்றால் இன்னும் மோசம். உப்புத்துகள் ஈயத்துக்கு உரிய 217 நானோமீட்டரில் ஒளியைச் சிதறடித்து, இல்லாத ஈயத்தை இருப்பதாகக் காட்டும். அந்தச் சிதறலைத் தனியாக அளந்து கழிக்க உதவும் டியூட்டீரியம் லேம்பைப் போட்டால் அந்தப் பொய்யில் பெரும்பகுதி அடங்கும். ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏபிடிசி என்ற ரசாயனத்தைச் சேர்த்து, எம்ஐபிகே என்ற கரைப்பானில் பிரித்தெடுத்தால் உப்பு பின்தங்கி ஈயம் மட்டும் மேலே வரும், நல்ல முறைதான். ஆனால் அந்த நெடியோடு ஒரு நாள் முழுக்க நின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இதற்கெல்லாம் கருவியைத் திட்டுவது நியாயமில்லை. ஆற்றில் விடும் கழிவுநீருக்கு ஈய வரம்பு 0.1 மில்லிகிராம், அந்த வேலைக்கு இது தாராளமாகப் போதும். 1955-ல் ஆலன் வால்ஷ் இந்த முறையை வெளியிட்டபோது யாரும் இவ்வளவு நுண்ணிய வரம்பைக் கேட்டிருக்க மாட்டார்கள். அது தெரிந்தும், ஒவ்வொரு பிடிஎல்-லும் என் மனதை உறுத்துகிறது.

அப்புறம், சுடருக்கு எரிபொருளான அசிட்டிலீன். சிலிண்டர் காலியாகும்வரை ஓட்டாதீர்கள். அழுத்தம் ரொம்பக் குறைந்தால் உள்ளே வாயுவைக் கரைத்து வைத்திருக்கும் அசிட்டோனும் கூடவே வந்து குழாயைக் கெடுக்கும். லைனுக்குச் செப்புக் குழாய் போடவே கூடாது, வெடிக்கிற அசிட்டிலைடு உருவாகும்.

எங்கள் கருவியை யார் கேட்டாலும் விற்க மாட்டேன். ஆனாலும் உங்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். உங்களிடம் வரப்போவது பெரும்பாலும் குடிநீர் என்றீர்கள். கிராஃபைட் ஃபர்னஸ், அதாவது சுடருக்குப் பதில் மின்சாரத்தில் சூடாகும் சிறு கிராஃபைட் குழாய், சேர்ந்த கருவி கிடைக்கும்வரை காத்திருங்கள். இருபது மைக்ரோலிட்டர் சாம்பிளில் அது 0.01-க்கு வெகு கீழே வரை பார்த்துவிடும். கூடுதல் செலவு சுத்தமான ஆர்கானுக்கும் கிராஃபைட் குழாய்களுக்கும்தான். எதை வாங்கினாலும் ரிப்போர்ட்டில் வெறுமனே பிடிஎல் என்று போடாமல், பக்கத்திலேயே உங்கள் கருவியின் கண்டறியும் அளவையும் 0.01 என்ற வரம்பையும் அச்சடித்துக் கொடுங்கள்.