தட்டுவடை, விசிறி, பேன்: விசித்திர விமானம் கட்டுவதென்றால் எது?

அக்கா மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக் கண்காட்சிக்கு யாரும் செய்யாத ஒரு விமானம் வேண்டும் என்று போன ஜூலையில் வந்து நின்றாள். உருக்காலை ஷிப்ட் போக மிச்ச நேரத்தில் ரிமோட் விமானம் செய்வது என் பத்து வருஷப் பழக்கம். சாதாரணப் பயிற்சி விமானம் என்றால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துக் கையில் கொடுத்திருப்பேன். "அதெல்லாம் யூடியூப்ல எல்லாரும் செய்யறாங்க மாமா" என்றுவிட்டாள். சரி, பறக்கும் கிறுக்கர்கள் யார் யார் இருந்தார்கள் என்று இருவரும் தேட ஆரம்பித்தோம்.

கடைசியில் மூன்று தேறின. தலைக்கு மேல் விசிறி சுழலும் ஹுவான் டி லா சியெர்வாவின் ஆட்டோஜைரோ, ஆன்றி மின்யேயின் 'வானப் பேன்' (தலையில் ஊரும் பேன்தான்), அப்புறம் இறக்கையே வட்டத் தட்டாக இருக்கும் விமானம். வட்டத்துக்கு முதல் நாளே தட்டுவடை என்று பேர் வைத்துவிட்டாள். சேலத்துப் பிள்ளை வேறென்ன பேர் வைக்கும்? ஆட்டோஜைரோ விசிறி ஆயிற்று. சிறகடிக்கும் பறவை விமானத்தையும் கொஞ்ச நேரம் யோசித்தோம். அதன் பல்சக்கரப் பெட்டியைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது.

மூன்றையும் கட்டி, மூன்றையும் விழவைத்த பிறகு எழுதுகிறேன். நான் தட்டுவடைப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. மோட்டார், இறக்கை மடிப்புகளை அசைக்கும் சர்வோ, ரிசீவர், லிப்போ பேட்டரி எல்லாம் ஒரே செட்டுதான். ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டினோம். மூன்றிலுமே வேகம் கிடையாது. வேடிக்கை பார்க்க மூன்றுக்கும் ஆள் கூடும். இதையெல்லாம் வைத்து யாரும் முடிவெடுக்க முடியாது.

பேனை முதலில் முடித்துவிடுகிறேன். 1933இல் பறந்த மின்யேயின் ஹெச்.எம்.14க்குப் பிரெஞ்சில் 'பூ து சியேல்', வானத்துப் பேன் என்று பேர். ஆங்கிலேயர்கள் அதைத் தெள்ளுப்பூச்சி ஆக்கிவிட்டார்கள். நமக்குப் பேனே இருக்கட்டும். பெட்டி அடிக்கத் தெரிந்தவன் விமானமும் கட்டலாம் என்பது மின்யேயின் வாதம். முன்னும் பின்னுமாக இரண்டு இறக்கை. பக்கவாட்டில் சாய்க்கும் அய்லெரான் கிடையாது. முன் இறக்கையே மொத்தமாக ஏறி இறங்கும். அவர் கொடுத்த அளவுகளை வைத்துப் பலர் வீட்டிலேயே கட்டினார்கள். 1935, 36இல் அடுத்தடுத்து உயிர்கள் போயின. பிரான்சிலும் இங்கிலாந்திலும் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்திச் சோதித்தபோதுதான் காரணம் தெரிந்தது: ஓர் அளவுக்கு மேல் மூக்கு கவிழ்ந்துவிட்டால், விமானி எவ்வளவு இழுத்தாலும் நிமிராது. மின்யே பிற்பாடு அதைத் திருத்திப் புது மாதிரிகள் செய்தார்.

எங்கள் பேனுக்கு அந்த வியாதி வருவதற்குக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. முன் இறக்கை முழுவதையும் ஒரு சின்ன சர்வோ தாங்க வேண்டும். இரண்டாவது தரையிறக்கத்திலேயே அதன் பிளாஸ்டிக் பல் உதிர்ந்துவிட்டது. உலோகப் பல் உள்ள சர்வோ போட்டிருந்தால் நின்றிருக்கலாம். நான் போட்டுப் பார்க்கவில்லை. அதனால் பேன் விஷயத்தில் என் பேச்சைப் பாதி மட்டும் நம்புங்கள்.

உண்மையில் என் மனசு முதலில் சாய்ந்தது விசிறியின் பக்கம்தான். அதன் கதை அப்படி. 1919இல் சியெர்வா வடிவமைத்த மூன்று எஞ்சின் விமானம் தரைக்குப் பக்கத்தில் வேகம் குறைந்து, ஸ்டால் ஆகி (இறக்கை தூக்கும் விசையை இழந்து), விழுந்து நொறுங்கியது. வேகம் குறைந்தாலும் கைவிடாத இறக்கை வேண்டும் என்று அந்த ஸ்பெயின்காரர் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். ஹெலிகாப்டரில் தலைக்கு மேல் உள்ள விசிறியை எஞ்சின் சுற்றும். ஆட்டோஜைரோவில் எஞ்சின் சுற்றுவது புரொப்பல்லரை மட்டும். மேலே உள்ள விசிறி, கீழிருந்து ஏறும் காற்றில் தானாகச் சுழலும், தேர்த் திருவிழாவில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு ஓடுகிற காகிதக் காற்றாடி மாதிரி. எஞ்சின் நின்றாலும் விசிறி நிற்காது, மெல்ல இறங்கிவிடலாம்.

அவருடைய முதல் மூன்று வண்டிகளும் பறக்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தன. விசிறியில் முன்னோக்கி வரும் அலகு (பிளேடு) காற்றை வேகமாக வெட்டும், பின்னோக்கிப் போவது மெதுவாக வெட்டும். ஆகவே ஒரு பக்கம் தூக்கல் அதிகம். அலகுகளின் அடியில் கீல் வைத்து, மேலும் கீழும் ஆட விட்டார் சியெர்வா. 1923 ஜனவரியில் சி.4 பறந்தது. 1928இல் ஆட்டோஜைரோவில் ஆங்கிலக் கால்வாயையே கடந்தார்.

இதையெல்லாம் படித்தும், சின்ன மாடலுக்குக் கீல் எதற்கு என்று நான் விறைப்பாகவே பொருத்தினேன். காமலாபுரம் விமான நிலையம் இருப்பதால் அந்தப் பக்கம் போகாமல், வரைபடம் பார்த்து, வாழப்பாடி பக்கம் ஒரு காய்ந்த ஏரியைப் பிடித்திருந்தோம். விசிறி ஓடியது, எழுந்தது, இடப்பக்கம் புரண்டது. "கீல் வைக்கணும்னு அவரே கண்டுபிடிச்சிட்டாரே மாமா, நீங்க எதுக்கு மறுபடியும் கண்டுபிடிக்கறீங்க?" என்றாள்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் போனோம். ஒன்றரை மில்லி துளை போட்டு, பித்தளை முள் கோத்து, கால்மணி நேரத்தில் இரண்டு கீல் செய்து கொடுத்தார். கொலுசுக்குத் திருகாணி போடும் கைக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. போகிறபோக்கில் அலகுகளை வெள்ளி நிறுக்கும் தராசில் வைத்தார். ஒன்று 11.42 கிராம், இன்னொன்று 11.87. "வெள்ளியா இருந்தா இந்த வித்தியாசத்துக்கு சண்டையே வந்திருக்குங்க" என்றார். அங்கேயே உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கினோம். சமமில்லாத அலகு சுழன்றால் நடுக்கம்பமே உதறும்.

அதற்கப்புறம் விசிறி மூன்று முறை பறந்தது. அப்படியொரு அழகு. எதிர்க்காற்றில் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே மிதந்தது. மூன்றாவது முறை என் விரல் பிசகி விழுந்தது. இரண்டு அலகும் போயின.

இங்கேதான் நான் கட்சி மாறினேன். விசித்திர விமானம் என்றால் விழத்தான் செய்யும். பறக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். விழுந்தபின் எத்தனை நாளில் மறுபடி எழும் என்று கேட்க வேண்டும். விசிறிக்குப் பதில் அலகு செய்ய பால்சா என்ற லேசான மரம் கூரியரில் வர வேண்டும், இழைக்க வேண்டும், பசை காய வேண்டும், இரண்டும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும், பிறகு மறுபடியும் பட்டறைத் தராசு. ஒரு விழுகைக்கு ஒரு வாரம். ஷிப்ட் பார்க்கிறவனுக்கு அது இரண்டு வாரம்.

தட்டுவடையில் உடைவதற்கு என்ன இருக்கிறது? ஸ்டேஷனரி கடை ஃபோம் போர்டில் 60 செ.மீ. விட்டத்துக்கு ஒரு வட்டம். மேல் காகிதத்தை நனைத்து உரித்துவிட்டால் மொத்த எடை கால் கிலோவுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். பின்விளிம்பில் இரண்டு மடிப்பு, நடுவில் ஒரு வால், மூக்கில் மோட்டார். எடை மையம் முன்விளிம்பிலிருந்து 15 செ.மீ.; பேட்டரியை முன்னே பின்னே நகர்த்தினால் அமைந்துவிடும். விழுந்தால் மூக்கு நசுங்கும். ஏரியிலேயே உட்கார்ந்து பேக்கிங் டேப் சுற்றினால் பத்து நிமிஷத்தில் மறுபடியும் மேலே. ஆறு வாரத்தில் 18 தடவை விழுந்தது. வீட்டுக்குத் தூக்கி வந்து சரிசெய்தது இரண்டே தடவை. விசிறி விழுந்தது நாலு தடவை, நாலும் பட்டறை வேலை.

இதன் கதையும் லேசுப்பட்டதில்லை. அமெரிக்காவில் சௌத் பெண்ட் ஊரில் க்ளாய்ட் ஸ்னைடர் என்று ஒரு கால் வைத்தியர். செருப்புக் குதிகாலுக்குள் வைக்கும் கம்பளி அட்டை ஒன்றைத் தூக்கி எறிந்தாராம். அது மிதந்து போனதைப் பார்த்து, அதே வடிவத்தில் விமானமே கட்டிவிட்டார். அரூப் என்ற அந்த விமானங்கள் 1930களில் நன்றாகவே பறந்தன. நமக்கு அரூபம் என்று காதில் விழுந்தாலும், காற்று, மேலே என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் ஒட்டு அது.

குட்டையான அகல இறக்கையில், ஓரத்தில் கீழிருந்து மேலே புரளும் காற்றுச் சுழல், மேற்பரப்புக் காற்றை விலகவிடாமல் பிடித்துவைக்கும். அதனால் மூக்கை எவ்வளவு தூக்கினாலும் பொத்தென்று விழாது. சொத சொதவென்று இறங்கும். பிள்ளை கையில் கொடுக்க இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்தச் சுழலே விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் இழுவையையும் கூட்டும், பேட்டரியைத் தின்னும். எங்களுக்கு ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடியதில்லை.

அந்த இழுவையை வெல்லத்தான் சார்லஸ் ஜிம்மர்மேன் இரண்டு ஓரத்திலும் பெரிய புரொப்பல்லர் வைத்து, சுழலுக்கு எதிர்த்திசையில் சுற்றவிட்டார். மரமும் துணியுமாக அமெரிக்கக் கடற்படைக்குச் செய்த அந்த வி-173, 1942 நவம்பர் 23இல் பறந்தது. ஒருமுறை அவசரமாகக் கடற்கரையில் இறங்கியபோது, எதிரே குளிக்க வந்தவர்களைக் கண்டு விமானி பிரேக்கை அழுத்த, விமானம் தலைகீழாகப் புரண்டது. ஆளுக்கும் பெரிய காயமில்லை, விமானத்துக்கும் பெரிய சேதமில்லை. அடுத்து உலோகத்தில் செய்த எக்ஸ்.எஃப்.5.யூ.வை, ஜெட் வந்துவிட்டதால், 1947இல் கைவிட்டார்கள். அதை உடைக்கப்போனால் உடையவில்லை. கட்டடம் இடிக்கும் இரும்புக்குண்டை வரவழைத்தார்கள். உருக்காலைக்காரனுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கண்காட்சியில் ஜெயித்தது விசிறிதான். புது அலகு மாட்டி, எதிரே டேபிள் ஃபேன் வைத்தோம். மோட்டாரே இல்லாமல் அது சுற்றுவதைப் பார்க்க வரிசை நின்றது. மேஜையில் வைக்க மட்டும் என்றால் விசிறியையே கட்டுங்கள்.

மலைக்குத் தட்டுவடையைத்தான் கொண்டுபோனோம். ஏற்காட்டில் இரண்டே தடவை பறக்கவிட்டதால் அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே காற்று சேலத்தைவிட ஏறத்தாழ 10 சதவீதம் மெல்லியது. கூடுதலாக முடுக்க வேண்டியிருந்தது. தெரிந்தவர் காப்பித் தோட்டத்தில் விட்டோம். சரிவிலிருந்து எழுந்த காற்று தட்டை அப்படியே ஏந்திக்கொண்டு போய் ஒரு சில்வர் ஓக் உச்சியில் செருகியது. மிளகு பறிக்கும் மூங்கில் ஏணியைச் சாத்தி ஒருவர் ஏறி எடுத்துக் கொடுத்தார். மூக்கில் ஒரு கிழிசல். டேப்பைக் காரிலேயே விட்டுவிட்டோம். தோட்டத்து முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி வாங்கி ஒட்டிப் பனி இறங்குவதற்குள் இன்னொரு சுற்று விட்டோம். அந்தப் பிளாஸ்திரி இன்னும் மூக்கில்தான் இருக்கிறது.