மயக்கத்துக்குச் சாய்வு மேசையா, அடினோசின் ஊசியா?

எம்ஆர்டி ரயில் நெரிசலில் நின்றபடியே மயங்கி விழுந்தவரைப் பலதுறை மருந்தகம் இதய நிபுணரிடம் அனுப்பும். காரணம் கண்டறிய சாய்வு மேசைச் சோதனைதான் வழக்கம். இதயத்தின் மின்துடிப்பைத் தணிக்கும் அடினோசினை ஏற்றிப் பார்க்கும் ஊசி அபூர்வம்.

செய்முறை
மேசை: பட்டை கட்டி 60–70 பாகை நிமிர்த்தி, 20 நிமிடமாவது வைப்பார்கள். ஒன்றும் ஆகாவிட்டால் நாக்கடியில் நைட்ரோகிளிசரின் (ரத்தக் குழாய்களை விரிக்கும் மருந்து), மேலும் 15 நிமிடம்.
ஊசி: இசிஜி ஓடும்போதே 20 மி.கி. ஏடிபி நரம்பில் வேகமாக ஏறும் (ஏடிபி உடலில் அடினோசினாக உடையும்). முகம் சிவக்கும், நெஞ்சு இறுகும், சீக்கிரமே அடங்கும்.

காட்டுவது
மேசை: ரத்த அழுத்தம் சரிகிறதா, துடிப்பு மந்தமாகிறதா, வழக்கமான மயக்கம் அப்படியே வருகிறதா.
ஊசி: இதயத்தின் மேலறை மின்துடிப்பு கீழறைக்கு இறங்காமல் அறுகிறதா. கீழறை 6 நொடிக்கு மேல் நின்றால் அசாதாரணம். ஆனால் ஊசியில் நின்ற இதயம் அன்று ரயிலிலும் அப்படித்தான் நின்றது என்பதற்கு உத்தரவாதமில்லை. இதை மட்டும் வைத்து பேஸ்மேக்கர் பொருத்துவது அவசரம்.

கெடுப்பது
மேசைக்குச் சில மணிநேரம் வெறும் வயிறு போதும். ஊசிக்குமுன் கோப்பி-ஓவும் (பாலில்லாக் காப்பி) தேநீரும் கூடாது. அவற்றிலுள்ள கஃபீன், அடினோசின் ஏற்பிகளை (செல்களில் அடினோசின் ஒட்டும் இடங்கள்) அடைத்து முடிவைப் பொய்யாக்கும். ஆஸ்துமா இருந்தால் ஊசியே வேண்டாம், மூச்சுக்குழாய் சுருங்கலாம்.

யாருக்கு எது
வியர்வை, குமட்டல், கண் இருட்டல் முந்திக்கொண்டு வந்தும் சந்தேகம் தீராதவருக்கு மேசை. அறிகுறியே இன்றித் திடீரென விழுபவர், இதயமும் இசிஜியும் சரி என்றால் ஊசி ஒரு துப்பு தரும். இவர்களில் சிலருக்கு ரத்தத்தில் அடினோசின் குறைவு, ஏற்பிகளோ மிகை உணர்வு, அந்த ஏற்பிகளை அடைக்கும் தியோஃபிலின் மருந்து உதவலாம். இருந்தாலும் தோலடியில் வைக்கும் துடிப்புப் பதிவுக் கருவியே நம்பகமானது. ஓடும்போது விழுந்தவருக்கு முதலில் எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்).